வடக்கு இல்லாத மெத்தை

சயான் ஸ்டேஷன் பக்கத்து மண்டபத்தில்
இலவசச் சாப்பாடு என்று கூட்டிப் போனார் ஞானதிரவியம்.
சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு மணி நேரம்
ரத்தத்தில் இரும்பு இருக்கிறது என்றார்கள்,
காந்தம் அதைக் கூப்பிடும் என்றார்கள்.
டை கட்டிய பையன், எபநேசர், நாசரேத் பக்கம்தானாம்,
மெத்தைமேல் ஒரு திசைகாட்டியை வைத்தான்.
முள் திருதிருவென்று முழித்தது,
முதல்நாள் தாதரில் இறங்கிய என்னைப் போல.

"வலி எங்கேக்கா?" என்று கேட்டான்.
தாளில் ஒரு உடம்பு, முன்பக்கம், பின்பக்கம், முகமில்லை.
பேனாவை என் கையில் தந்தான்.
இடுப்பில் ஒரு வட்டம் போட்டேன்.
பிறகு தோளில்.
பிறகு வலது குதிகாலில், அதுதான் பெடலை மிதிப்பது.
பேனாவைத் திருப்பித் தர மனசில்லை.
பத்தொன்பது வருஷத்தில்
தாள் நீட்டி யாரும் கேட்டதில்லை.

மாதம் நாலாயிரத்துத் தொள்ளாயிரம், இருபத்துநாலு மாதம்.
ஜீன்ஸ் பாக்கெட் ஒன்றுக்கு ஒன்றேகால் ரூபாய் கூலி.
மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது பாக்கெட்
தைத்த பிறகுதான் மாதாமாதம் நான் படுக்கலாம்.

சாக்கடைக்கு மேலே நாலு பையன்கள்
தலையில் தூக்கி வந்தார்கள், தேர் மாதிரி.
தாராவி அறை, பத்துக்குப் பன்னிரண்டு.
மிஷினை நகர்த்தாமல் ஒரு வாக்கில்தான் கிடந்தது:
தலைமாடு வடக்கே.
வாராத வாழ்வு வந்தாலும்
வடக்கே தலை வைக்காதே என்பார்களே என்றேன்.
"வடக்க பாத்துதானேடி ரயிலேறுனோம், புஷ்பம்.
இதுமேல திசைகாட்டியே முழிக்குது.
இதுக்கு வடக்கே கிடையாது."
சொல்லிவிட்டு முதலில் படுத்தவர் அவர்தான்.
படுத்ததும் குறட்டை.

மாடி ஷேக் பாய் வந்து
ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார்.
நெஞ்சில் பேட்டரி இருப்பதால்
உட்காராமல் டீ குடித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் வாரம் விரிப்பை மாற்றும்போது பார்த்தேன்.
உடைந்த ஊசி முனைகள், ஒரு திருகு, இரண்டு ஹேர்பின்,
முழு ஊசி ஒன்று, பதினெட்டாம் நம்பர்.
எந்தச் சந்திலிருந்து ஏறி வந்தனவோ,
எறும்பு மாதிரி ஓரமாக ஒட்டியிருந்தன.
ஊசியைத் தொலைத்தாய் என்று
ரெபேக்காள் கூலியில் பத்து ரூபாய் பிடித்திருந்தேன்.
மறுநாள் கொடுத்தேன்.
எதற்கு என்று அவள் கேட்கவில்லை,
ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

எபநேசர் போனில் கூப்பிட்டான். வலி போச்சா அக்கா?
இருக்கு, என்றேன்.
"முதல்ல கூடும்க்கா, அப்புறம் குறையும்,
அது வெளியேறுற வலி."
போகிற வலியும் வருகிற வலியும்
ஒரே வாசலில்தான் உரசிக்கொள்கின்றன போல.
இன்னும் மூணு பேரைச் சேர்த்தால், என்று ஆரம்பித்தான்.
பின்னால் ஒரு குழந்தை விடாமல் அழுதது.
"நீ தூங்குனியா தம்பி?" என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
குழந்தை மட்டும் பேசியது.

நான் தூங்கினேனா?
சில இரவு. லாட்டை முடித்துக் கொடுத்த இரவு.
அன்றைக்குத் தரையில் படுத்தாலும் வந்திருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை அவர் கடைக்குப் போனதும்
மெத்தையின் ஓரத் தையலைப் பிரித்தேன்.
ஒரு காந்தம் எடுத்தேன், பழைய நாலணா அகலம்.
பிரித்தது தெரியாமல் தைத்தும் விட்டேன்,
அது என் தொழில்.
நூலில் கட்டி மிஷின் காலில் தொங்குகிறது.
ராத்திரி இரண்டு மணிக்கு ஊசி விழுந்தால்
இப்போதெல்லாம் குனிவதில்லை.
நூலை லேசாக ஆட்டுகிறேன்,
இருட்டிலிருந்து ஒரு சின்ன டிக்.
பிடித்திழுத்தால் ஏறி வருகிறது.

இடுப்புக்கு இதம்தான்.
அவனிடம் சொல்ல வேண்டும்.