பன்னிரண்டாவது

அடை வைக்க ஒற்றைப்படைதான் கணக்கு.
எங்கள் கருங்கோழி இட்டது ஆறு.
கூக்காலிலிருந்து நாத்தனார்
தவிட்டில் பொதிந்து
பஸ்ஸில் கொடுத்துவிட்டது ஐந்து.
கேரட் கிரேடில் வைக்கோல் பரப்பி,
அடுப்புக்குப் பின்னால், சுவர் சுடுகிற இடத்தில்,
பதினொன்றையும் நானேதான் எண்ணி வைத்தேன்.

ஏழாம் நாள் ராத்திரி
செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாய்ப் பார்க்கிறேன்.
சிவப்பு நரம்பு, சிலந்திவலை மாதிரி.
நடுவில் ஒரு புள்ளி துடிக்கிறது.
நிரஞ்சனி நோட்டில் டிக் போடுகிறாள்,
இரண்டாம் வகுப்புக்கே உரிய கண்டிப்போடு.
பதினொன்று.
கை இன்னும் கோழிக்கடியில் இருக்கிறது.
பன்னிரண்டு.

நாட்டுக்கோழி முட்டைக்கு இல்லாத வெள்ளை.
வெளிச்சம் உள்ளே நுழையவே இல்லை.
கபிலேஷைப் பார்த்தேன். மூன்று வயசு.
கம்பளிக் குல்லாயைக் கண்வரை இழுத்துக்கொண்டான்.

"டீச்சர் குடுத்தது."

அங்கன்வாடிப் பதிவேட்டில்
முட்டை நாளெல்லாம் 'சாப்பிட்டான்'.
எடை அட்டையில் மட்டும்
மூன்று மாதமாய்க் கோடு படுத்தே கிடக்கிறது.
வீட்டுல என்னதான் குடுக்குறீங்க என்று கேட்டபோது
பிழைப்பத்தவள் மாதிரி நின்றேனே
அந்த டீச்சர் முன்னால்.
தேடினால்
விறகடுக்கில் ஒன்று,
அவன் அப்பாவின் மழை பூட்சுக்குள் ஒன்று.
பூட்ஸ் நாற்றம் என்று தெரியாமல்
ஒரு வாரமாய்க் காலைத் தேய்த்துத் தேய்த்துக்
கழுவிக்கொண்டிருந்தார், பாவம்.

"தின்னா என்னடா?"
"உள்ள குஞ்சு இருக்கு."
"இதுல இல்ல, வெந்துபோச்சு."
"தெரியும். சூடா இருந்துச்சு.
நான் கொண்டாரதுக்குள்ள ஆறிப்போச்சு.
நம்ம கோழி சூடு பண்ணிரும்."

எறிந்திருக்க வேண்டும்.
வெடித்தால் வீடே நாறும்.
இருக்கட்டும் என்று உள்ளே தள்ளினேன்.
கருங்கோழி அலகால் புரட்டி
வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது.
அது யாரையும் விசாரிப்பதில்லை.
போன மாதம்
ஒரு பூண்டையும் ஒரு கோலிக்குண்டையும்
காத்துக் கிடந்த கோழிதானே.

தை பிறந்தும் பூம்பாறைக்குப் பனி விடவில்லை.
விடியலில் பூண்டுத் தாளெல்லாம் உப்புத் தூவினது போல.
வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டை ஏற்றும் நாளில்
தங்கராசு வண்டிக் கண்ணாடியைச் சுரண்டச் சுரண்ட
உள்ளே பிள்ளைகள் இரண்டும்
காலண்டர் தாளை யார் கிழிப்பது என்று சண்டை.

இருபத்தோராவது தாளும் கிழிந்தது.
ஒன்பது குஞ்சு.
இரண்டு கூமுட்டையாகிவிட்டது.
அப்புறம், அது.

கபிலேஷ் கிரேடு முன்னால் குத்தவைத்து
மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை.
சாப்பிடவும் வரவில்லை.
சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.
நிரஞ்சனி முந்திக்கொண்டாள்.
கணக்கில் அரை மார்க் போனாலே அழுகிறவள்
டிக் போட்ட நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு,
"அந்த மஞ்சள் இருக்குல்ல, அதுதான் உன்னுது.
வெந்த முட்டைக்குள்ள மஞ்சள்தான இருக்கும்?"

யோசித்தான்.
கருப்பும் பழுப்புமாய் எட்டு.
மஞ்சள் ஒன்றே ஒன்று.
அவனும் வெந்த முட்டையைப் பிட்டுப் பார்த்தவன்தான்.
சரி என்று தலையாட்டினான்.
அதற்கு 'டீச்சர்' என்று பேரும் வைத்தான்.

அவன் தூங்கியதும் பன்னிரண்டாவதை எடுத்துக்கொண்டு
பூண்டுப் பாத்தி ஓரம் போனேன்.
பெரிய நிலா. மூச்சு புகைகிறது.
மண்வெட்டிக் காம்பு இரும்பாய்க் குளிர்கிறது.
ஒரு நாள் குறை வைக்காமல் காத்திருக்கிறாள் மகராசி,
முட்டை இன்னும் சுடுகிறது.

மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு
அதை இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
குழி வெட்ட
விரலுக்கு உயிர் வர வேண்டாமா.