வாயின் பின்கட்டு

செவ்வாய்க்கிழமை ஜெலுத்தோங்.
புதன், பாலம் தாண்டி நிபோங் திபால்.
வியாழன் யார் அழைக்கிறார்களோ அங்கே.
என் அறை என்று எதுவும் கிடையாது.
இந்தப் பள்ளியில் விளையாட்டுச் சாமான் கிடங்கு:
வலைப்பந்து வளையங்களுக்கும்
காற்றிறங்கிய பந்துகளுக்கும் நடுவே
இரண்டு நாற்காலி, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி.

தலைமையாசிரியர் முதல் நாளே கேட்டார்:
"ஆறாம் ஆண்டு முழுசுக்கும் ழகரத்தைச் சரிபண்ணிட முடியுமா டீச்சர்?
பேச்சுப் போட்டிக்கு ஒரு மாசந்தான் இருக்கு."
பிறகு ஒரு பையனைக் கூப்பிட்டு
வாளப்பளம் வாங்கிவரச் சொன்னார்,
எனக்குத்தான், உபசாரத்துக்கு.
சாப்பிட்டேன்.
ஒன்றும் சொல்லவில்லை.

நான் வந்தது ஹஷ்வினுக்காக.
ஏழு வயது. க வராது.
கப்பல் தப்பல். காகம் தாதம்.
நான்காம் ஆண்டில் படிக்கும் அக்கா, அத்தா.
அவள் தோழி சுமையா ஒருநாள் இடுப்பில் கைவைத்து,
"இவளையா அத்தாங்கறே?
எங்க அத்தாவுக்கு மீசை இருக்கு" என்றாள்.
அதற்குப் பிறகு ஒரு வாரம்
அவன் யாரையும் எப்படியும் கூப்பிடவில்லை.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன்,
மூன்று மாதச் சேமிப்பு.
நூற்றெண்பது படம், வழவழ அட்டை:
பனிச்சறுக்கு வண்டி, புகைபோக்கி, கம்பளிக் கையுறை.
கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"பாத்திரம் தழுவறதா?" என்றான்.
எத்தனை அன்பான கேள்வி.
பதில் சரி, க மட்டும் தப்பு.

அன்றிரவே என் அட்டைகளை நானே செய்தேன்.
சந்தையில் கைப்பேசியில் பிடித்த
கங்கோங் கட்டு, காயா போத்தல், கரிபாப்,
விளிம்பு உடைந்த கோப்பிக் குவளை.
லாமினேட் இயந்திரத்தின் சூட்டு வாசனை
தலையணை வரை வந்தது.

எழுத்து ஒன்றுதான்.
காதில் ஒரு மாதிரி, காகத்தின் நடுவில் இளகி,
அக்காவில் அழுந்தி.
எந்த வயதில் எது வர வேண்டுமென்று
தமிழ்ப் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தவர்களைத் தேடினேன்.
கிடைத்த தாள்களை ஒரு கிளிப்பில் மாட்டிவிடலாம்.
ஓரங்களில் பென்சிலால்
என் பிள்ளைகளைக் குறித்துவருகிறேன்.

நாக்கின் நுனி அவனுக்கு
யார் கதவைத் தட்டினாலும் முந்தி ஓடும்.
க இருப்பதோ பின்கட்டில்.
உடற்பயிற்சிப் பாயில் மல்லாக்கப் படுக்கச் சொன்னேன்,
தன் பாரத்தில் நாக்கு பின்னால் சரியட்டும் என்று.
நானும் பக்கத்தில் படுத்தேன்.
விசிறியைப் பார்த்தபடி இருவரும்
தண்ணீரே இல்லாமல் தொண்டை கொப்பளித்தோம்.
பந்தெடுக்க வந்த ஆசிரியர்
மன்னிப்புக் கேட்டுக் கதவைச் சாத்தினார்.

பாரத்தில் எழுதினேன்: தனி ஒலி, பத்தில் மூன்று.
அடுத்த வாரம்: தனி ஒலி, பத்தில் மூன்று.
அதற்கடுத்த வாரம் இரண்டு.

அவன் அம்மாவுக்கு பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட்.
பயிற்சித் தாள் பையிலேயே மடிந்து திரும்பும்.
ஒருமுறை அதன் முதுகில்:
"தூங்கிட்டேன் டீச்சர், மன்னிக்கவும்."
அந்த எழுத்தின் சாய்வைப் பார்த்து
தாளைக் கைவிட்டேன்.
காலையில் மோட்டாரில் வரும்போது மூன்று சொல் போதும்,
ஹெல்மெட்டுக்குள் கத்தட்டும்.

பன்னிரண்டாம் செவ்வாய். இடைவேளை.
சிற்றுண்டிச்சாலை வரிசையில்
நிரோஷிணி அவன் கரிபாப்பைக் கடித்துவிட்டாள்.

"அக்கா!"

கிடங்கு வரை கேட்டது.
கொட்டிய கோப்பியைத் துடைக்காமல் எழுந்து நின்றேன்.
அவனுக்குத் தான் சொன்னது தெரியாது.
அவள் மென்றுகொண்டிருந்தாள்.
சுமையாதான் திரும்பிப் பார்த்தாள்.

பாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
கோபத்தில், ஒன்றுக்கு ஒன்று,
என்று ஓரத்தில் எழுதி வைத்தேன்.

மணியடித்தது. உள்ளே வந்தான்,
உதட்டில் இன்னும் மசாலா.
ஆசையாய்க் குவளைப் படத்தை நீட்டினேன்.

"தோப்பி" என்றான்.

பாயை விரித்தேன்.