பெயரில் ஒரு புள்ளி

இருமுறை தட்டினால்
நீல வளையம் ஒன்று சுற்றும், மறையும்.
பிழை என்றுகூடச் சொல்லாது எமுலேட்டர்,
மணியடித்துவிட்டு ஓடிப்போகிற பையனைப் போல.

போலந்தின் தோருன் நகரில்
பகலெல்லாம் இரண்டாம் எண் டிராம் ஓட்டுகிறவள் கிராஜினா.
இரவில், பழைய ஜப்பானிய விளையாட்டொன்றில்
ரயில் ஓட்ட ஆசை.
டிப்போவில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

டிரைவரைப் புதுப்பித்தாள்,
கிராபிக்ஸ் கார்டின் டிரைவரை.
பயாஸ் கோப்பை உரிய இடத்தில் வைத்தாள்.
வைரஸ் காவலாளியைக் கொஞ்சம் கண்ணயரச் சொன்னாள்.
நிர்வாகியாக இயக்கினாள்; அவள்தானே நிர்வாகி,
அந்த வீட்டில் வேறு யார்?
வளையம். வெறும் திரை.
ஜன்னலுக்கு வெளியே பனியை நொறுக்கிக்கொண்டு
கடைசி வண்டி போனது. ஸ்வாவெக் ஓட்டுகிறான்,
வளைவில் அவன் பிரேக் பிடிக்கிற லட்சணம்
சத்தத்திலேயே தெரியும்.

ஒன்றேகாலுக்குத்தான் பதிவுக் கோப்பைத் திறந்தாள்.
கடைசி வரியில் கோப்புறையின் பாதை,
பாதையில் அவள் பெயர்,
பெயரின் நடுவே
தலையில் புள்ளி வைத்த எழுத்து இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு கேள்விக்குறி.

ஒரு புள்ளியைத் தாண்டத் தெரியாமல்
இத்தனை நேரம் நின்றிருக்கிறது ரயில்.

அந்தப் புள்ளியோடுதான்
உரிமம் வாங்கினாள், சம்பளம் வாங்கினாள்,
விவாகரத்தும் வாங்கினாள்.
யாரும் தடுக்கி விழுந்ததில்லை.

எல்லாவற்றையும் டி டிரைவுக்கு மாற்றி
கோப்புறைக்கு ‘1’ என்று பெயர் வைத்தாள்.
தட்டினாள்.

விசில்.
சதுரம் சதுரமாய் ஒரு நடைமேடை நெருங்கி வந்தது.

முதல் நிலையத்திலேயே
நாலு மீட்டர் தள்ளி நிறுத்தினாள்.
மதிப்பெண் போச்சு.

ஐந்து மணிக்கு டிப்போவில் இருக்கவேண்டும்.
ஸ்வாவெக்கிடம் சொல்லப்போவதில்லை.