நாற்பது மில்லி

அடகுக்குப் போகிற மோதிரத்துக்கு
எதுக்குப் பிள்ளே குளியல் என்றாள் பெல்சி.
கூட்டுறவு வங்கியில் மதிப்புப் போடுகிறவன்
கல்லுக்குக் கழிப்பான்,
செம்புக்குக் கழிப்பான்,
அழுக்குக்கும் ஒரு கண்மதிப்பில் கழிப்பான்.
அந்தக் கடைசிக் கழிவையாவது
நானே கழித்துக்கொண்டு போகலாமென்று பார்த்தேன்.

முதலில் அது கழன்று வரவேண்டும்.
கருங்கல் பக்கத்து அண்டியாப்பீசில்
பதினொரு வருஷம் கொட்டை உடைத்த விரல்
ஊதிப்போய்க் கிடக்கிறது.
தேங்காயெண்ணெய், பிறகு சோப்பு,
பிறகு தையல்நூல் சுற்றிப்
பல்லைக் கடித்து இழுத்தேன்.
வந்தது.
கீழே வட்டமாய் ஒரு வெள்ளைத் தோல்.
அண்டிப்பால் படாமல், வெயில் காணாமல்
என் இருபத்தாறு வயசு
அங்கே மட்டும் அப்படியே இருந்தது.

வீட்டு வைத்தியம் ஆளுக்கொன்று.
பூந்திக்கொட்டை என்றாள் பெல்சி.
பற்பசை என்றான் மகன்,
வீடியோவில் யாரோ தேய்த்துக் காட்டினாளாம்.
பற்பசை தங்கத்தைக் கீறும்;
அது தெரிய எனக்கு ஒரு கம்மல் செலவானது.
வினாகிரியில் ஊறப்போட்ட
நாத்தனார் றோஸ்லியின் முத்துத்தோடு
இன்றைக்கும் பழஞ்சோற்றுப் பருக்கை மாதிரி இருக்கிறது.
சைக்கிளில் வந்து பாலிஷ் போடுகிறவனிடம் கொடுத்தால்
மினுக்கம் வரும், பவுன் போகும்.
அவன் கிண்ணத்துத் தண்ணீரில்
எத்தனை வீட்டுத் தாலி கரைந்து கிடக்கிறதோ.

சனி ராத்திரி,
தொட்டியின் ஓட்டையைத் துணியால் அடைத்துவிட்டு
வெதுவெதுப்பான தண்ணீரில்
மூன்று சொட்டு பாத்திரம் கழுவுகிற திரவம்,
மகனின் பழைய பிரஷ்.
வளையம் பளிச்சென்று வந்துவிட்டது.
நடுவில் ஒன்று, சுற்றி ஆறு
சிவப்புக் கல்லின் அடியில் மட்டும் கருப்பு.
பிரஷ்முடி போகாத இடம்.
ஊசியை எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.

திங்கள் காலை நாகர்கோவில் பஸ்.
மீனாட்சிபுரத்தில் ஒரு கடை.
ஜினிஷா என்று சட்டையில் பெயர் குத்திய பிள்ளை
தராசில் வைத்து உரக்கப் படித்தாள்:
நாலு கிராம் முந்நூற்றுப் பத்து மில்லி.
அரிசிப்பானை அளவில் ஒரு மிஷின்,
அதற்குள் தண்ணீர்,
தண்ணீருக்குள் மோதிரம்.
குளச்சலுக்கு வெளியே வள்ளத்து மோட்டார்
இரைகிற மாதிரி ஒரு சத்தம்.

புகைந்தது.
தண்ணீருக்குள் மோதிரம் புகைவதை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
சாம்பல் நிறத்தில் இழை இழையாய்
அண்டிப்பால் வந்தது,
சாளை நெய் வந்தது,
புட்டுமாவு, முகப்பவுடர்,
ஒரு டிசம்பரில் மகன் நெஞ்சில்
விடிய விடியத் தேய்த்த தைலம்.
"ஊற்றிரலாமாக்கா?"
ஊற்று என்றேன்.

நாலு கிராம் இருநூற்று எழுபது.
நாற்பது மில்லி போயிருந்தது.
பிள்ளை மோதிரத்தைக் காதருகே பிடித்து
விரலால் தட்டினாள்.
"எக்கா, கல் எல்லாம் ஆடுது."
"கொண்டுவரும்போது ஆடலையே."
"கொக்கி தேஞ்சு வருஷமாயிருக்கும்.
அழுக்குதான் இவ்வளவு நாளும் பிடிச்சு வச்சிருக்கு."

சிரித்துவிட்டேன்.
பக்கத்தில் கொலுசு பார்த்துக்கொண்டிருந்தவர்கள்
திரும்பிப் பார்த்தார்கள்.
தங்கத்தை நம்பி இருந்திருக்கிறேன் பார்.

கொக்கி இறுக்க முந்நூறு ரூபாய், வியாழக்கிழமை ஆகும்.
பள்ளிக்கூடத்துப் பீஸ் கட்டக் கடைசி நாள் புதன்.
"ஏழையும் எடுத்துரு" என்றேன்.
கல்லுக்கு எப்படியும் அவன் காசு தரப்போவதில்லை.
ரசீதுத் தாளில் மடித்துத் தந்தாள்,
மாத்திரை மாதிரி.

வங்கியில் அவன் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தான்,
ஏழு குழி ஏழையும்.
எடை போடுங்க, கழிக்க ஒண்ணுமில்லை என்றேன்.
அப்படியும்
செம்புக்குக் கழித்தான்.