சுமைகூலி

சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
தமிழில் ஒரு சொல்லும் அறியாத ரோவீனா டல்கார்னோ
சிட்னி விமான நிலையத்தின் பின்னே
நான்காம் மாடியில் அமர்ந்து
இந்தக் கணக்கைத்தான் பதினோரு மாதம் போட்டாள்.

லண்டன்வரை இருபது மணி நேரம், எங்கும் இறங்காமல்.
இருபதாம் மணிக்கு வேண்டிய எண்ணெயை
முதல் மணியிலேயே தூக்க வேண்டும்.
தூக்குவதற்கு எண்ணெய்.
தூக்கும் எண்ணெயைத் தூக்க இன்னும் கொஞ்சம்.
குடித்ததைச் சுமந்து, சுமந்ததைக் குடித்து
தன் எடையில் கிட்டத்தட்ட பாதியை
வானத்திலேயே விட்டுவிட்டு
இறங்கும்.

"ஆளைக் குறை" என்றார்
எடைக்கணக்குப் பார்க்கும் டெவிட்டா ஃபோனுவா.
முந்நூற்றைம்பது பேர் உட்காரும் வயிற்றில்
இருநூற்று முப்பது.

குழுக் கூட்டத்தில் நிதி அதிகாரி லாக்லன் பிரிஜ்
பேனாவைத் திருப்பித் திருப்பிப் போட்டார்.
"மிச்சமாவது மூன்றே மணி நேரம்.
அதற்கு எவன் தருவான்
ஐந்தில் ஒரு பங்கு அதிகம்?"

"மூன்று மணி நேரத்துக்கு யாரும் தரமாட்டார்கள்.
நள்ளிரவில் எழுப்பாமல் இருக்கத் தருவார்கள்.
இடைவாரும் காலணியும் இன்னொரு முறை கழற்றாமல் இருக்க,
அடுத்த விமானம் போய்விட்டதோ என்று
பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடாமல் இருக்க.
நாம் விற்பது
நடக்காமல் போகிறவற்றை."

நடுவில் பன்னிரண்டு இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு
வெறும் இடம் விடச் சொன்னாள்,
கைப்பிடிக் கம்பியோடு.
நின்று முதுகை வளைக்க.
காலியிடத்துக்கும் கட்டணத்தில் பங்கு உண்டு.
"காற்றுக்கு எடையில்லை, எனக்குச் சம்மதம்" என்றார் ஃபோனுவா.
எல்லோரும் சிரித்தார்கள்.
கூட்டக் குறிப்பில் சிரிப்பு இல்லை;
"ஒப்புதல்" மட்டும்.

முப்பத்தொன்றாம் பக்கத்தில் சிறிய எழுத்தில்
ஒரு வரி இருந்தது:
எதிர்காற்று பலமான நாட்களில்
நாற்பது இருக்கைகளை விற்க இயலாது.
அதுவரை யாரும் புரட்டவில்லை.

விமானம் பறந்தது.
முதல் வகுப்பு நான்கு மாதத்துக்கு நிறைந்துவிட்டது.

ஆகஸ்டில் லீட்ஸில் அக்காவுக்கு மறுமணம்.
ஊழியர் சலுகைச் சீட்டு கேட்டாள் ரோவீனா.
இந்தத் தடத்தில் கிடையாது என்றார்கள்,
எடைக் காரணம்.
விதி, இணைப்பு ஏழு.
எழுதியவள் அவளே.

ஆக, ஹாங்காங் வழி.
விடியாத ஐந்து மணிக்கு
கண்ணாடிச் சுவரோரம் கால் நீட்டி நடந்தாள்.
முந்நூறு அடி, நானூறு அடி,
யாரும் கட்டணம் கேட்கவில்லை.
அவளுக்கு மேலே எங்கோ
இருநூற்று முப்பது பேர்
எழுப்பப்படாமல் போய்க்கொண்டிருந்தார்கள்.

பசித்தது.
பலகையில் கோழி காஞ்ஜி என்று இருந்ததைக் காட்டி
ஒரு கிண்ணம் வாங்கினாள்.
அரிசி குழைந்து, இஞ்சி மிதந்து, ஆவி பறந்தது.

அந்தச் சொல் எங்கே ஏறியதென்று
அவளுக்குத் தெரியாது.
நம் உலைப்பானையில் ஏறி
போர்ச்சுகீசியக் கப்பலில் மாறி
ஆங்கிலேயன் நாக்கில் இறங்கி
துறைக்குத் துறை ஓர் எழுத்தைத் தொலைத்து
இங்கே வந்து கொதிக்கிறது.

இடைநில்லாமல் வந்திருந்தால்
அவளிடம் வந்திருக்காது.

ஊதி ஊதிக் குடித்தாள்.
அறிவிப்பு கேட்டது:
லீட்ஸ் பக்கம் போகும் விமானம்
நாற்பது நிமிடம் தாமதம்.
இன்னொரு கிண்ணம் சொன்னாள்.