நின்ற இடம்

விதி ஒன்றுதான் சொல்லிக் கொடுத்திருந்தேன்:
கூட்டத்தில் என் கை விட்டுப்போனால்
தேடாதே, ஓடாதே,
அழுதாலும் பரவாயில்லை,
நின்ற இடத்திலேயே நில்.
நான் வருவேன்.

சௌக்கிட் சந்தையில் ஒத்திகையும் பார்த்தோம்.
மீன்கடைக்கும் தேங்காய் துருவும் இயந்திரத்துக்கும் நடுவில்
வேண்டுமென்றே விலகி
தூணுக்குப் பின்னால் நின்று எண்ணினேன்.
நாற்பது வரை
கவினேஷ் அசையவில்லை.
மீன் கழுவிய ஐஸ் தண்ணீர் செருப்புக்குள் புகுந்தது,
காலைக்கூடத் தூக்கவில்லை.
பெருமையாய் இருந்தது எனக்கு.
கைப்பேசி எண்ணும் மனப்பாடம்,
பாலர் பள்ளி மலாயில்,
கோசோங், சத்து, என்று தொடங்கி
மூச்சு விடாமல் ஒப்பிப்பான்.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை
மஸ்ஜித் இந்தியா சாலையில் மூன்று மணி நேரம்
கையை விடவே இல்லை.
ஒரு கையால் வளையல் பார்த்தேன்,
பர்ஸைப் பல்லால் திறந்தேன்.
கடைக்காரர் சிரித்தார்.

பிறகு மஸ்ஜித் ஜாமெக் நிலையம், தரைக்கு அடியில்.
ஒரு பை அறுந்தது.
முறுக்கு மாவு.
குனிந்தேன், அவ்வளவுதான்.

மேடைக்கு ஒரு கண்ணாடிக் கதவு,
ரயிலுக்கு ஒரு கண்ணாடிக் கதவு,
இரண்டுக்கும் அப்பால் அவன் வாய் அசைந்தது.
அந்த ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது.
யாரைப் பார்த்துக் கை ஆட்டுவது?
கண்ணாடியைத் தட்டித் தட்டி
நான் கத்தியதும் அதையேதான்:
அங்கேயே நில்லு! அங்கேயே நில்லு!

அடுத்த ரயில் மூன்று நிமிடம் என்றது பலகை.
பிறகு இரண்டு.
பிறகு வெகுநேரம் இரண்டாகவே இருந்தது.

பசார் செனியில் இறங்கி
மேடை முழுக்க ஓடினேன்.
ஒரு காவலர் வாக்கிடாக்கியில் பேசினார்,
சட்டை என்ன நிறம் என்றார்.
காலையில் நான்தான் மாட்டிவிட்டேன்.
நிறம் வரவில்லை.

அவன் எப்படி இறங்கியிருப்பான்?
சொன்ன சொல் கேட்கிற பிள்ளை.
கம்பியைக் கட்டிக்கொண்டு
நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான்,
அறுபது கிலோமீட்டர் வேகத்தில்.

நின்ற இடமும் ஓடும் என்று
நான் சொல்லித் தந்ததில்லை.

இனி வருவது அவன் சொன்னது.
சென்ட்ரலில் எல்லோரும் இறங்கினார்கள்,
வேறு எல்லோரும் ஏறினார்கள்.
சாம்பல் நிற முக்காட்டில் ஒரு காக்,
மடியில் பிளாஸ்டிக் டப்பா,
அம்மா எங்கே என்று கேட்டாள்.
"வருவாங்க. நகரக் கூடாது."
பங்சாரில் எழுந்தாள்,
கதவு திறந்தது,
அவனைப் பார்த்தாள்,
கதவு மூடியது.
அவளும் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

என் கைப்பேசி அடித்தபோது தெரியாத எண்.
"புவான், பையன் பத்திரம்.
ஆனால் இறங்க மாட்டேன் என்கிறான்."
அவன் காதில் வைக்கச் சொன்னேன்.
அங்கேயே நில்லு என்று
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
கடித்துக்கொண்டேன்.
"அந்தக் காக் கையைப் பிடிச்சிக்கிட்டு எறங்குப்பா."
ரயில் சத்தம் மட்டும்.
பிறகு, "நகரலாமா?"
"நகரலாம்பா."

கெரிஞ்சி.
பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்,
உதட்டில் தேங்காய்ப்பூ,
சட்டையில் ஓண்டே ஓண்டேயின் வெல்லச்சாறு.
மஞ்சள் சட்டை.
அவளுக்கு எதிர்த்திசை ரயில் வந்துவிட்டது.
தெரிமா காசி சொன்னேனா என்பதே நினைவில்லை.
பேர் கேட்கவில்லை.
கைப்பேசியில் அந்த எண்ணை
"கெரிஞ்சி" என்று வைத்திருக்கிறேன்.
இரண்டு முறை அழைக்கப் போய் வெட்டிவிட்டேன்.
என்ன சொல்வது,
உங்கள் மூன்று நிலையங்களுக்கு நன்றி என்றா?

இப்போது விதி நீளமாகிவிட்டது.
ரயில் என்றால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கு,
இறங்கி அங்கே நில்.
குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது.
அவன் விடுவதில்லை.
"மின்தூக்கின்னா?"
சொன்னேன்.
"ஃபெர்ரின்னா?"
யோசித்துச் சொன்னேன்.
விளக்கை அணைத்த பிறகு இருட்டிலிருந்து,
"நான் மேடையில, நீங்க உள்ள, கதவு மூடிடுச்சின்னா?
நீங்க எங்க நிப்பீங்க?"

அந்த வருஷம் முறுக்கு சுடவில்லை.