இதர உயிரினங்கள்

எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே
பங்குனி வெயில், பத்தரை மணி.
நாளுக்கு அறுநூறு ரூபாய் எனக்கு,
ஓணான் எண்ணும் வேலை.

ராவணன் மீசை குத்துகிறது,
அடப்பங்கொடி காலைப் பிடிக்கிறது.
நிலங்கள் மயங்கக் கூடாதாம் இலக்கணத்தில்.
நெய்தலுக்குள் ஒரு துண்டுப் பாலையாய்க் கிடக்கும்
இந்த மணலுக்கு அது தெரியாது.

மண் நிறம். விரல் நீளம்.
ஓடினால்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும்
அளவைக் கல்லில் ஏறி நின்று
தொண்டையை விரித்தது.
வெளிர் விசிறி, நடுவே
மைக்கோடு போல நீலம்.
மூடியது. மறுபடி விரித்தது.
யாருக்கோ காட்டுகிறது, எனக்கில்லை.
பென்சில் எங்கே விழுந்ததென்று
அப்புறம்தான் தேடினேன்.

"நரி, முயல் ஏதாச்சும்?" என்றார் வின்சென்ட்ராஜ் சார்.
"ஓணான் சார். பதினேழு."
"ஓணான்தானே."
டீக் கப்பை நசுக்கி மணலில் செருகினார்.

வேலியில் போன ஓணானை
மடியில் விட்டுக்கொண்ட கதை
ஊருக்கே தெரியும்.
இங்கே வேலி
திங்கட்கிழமைதான் லாரியில் வருகிறது,
பின்னாலேயே
மணலை மூடச் சாம்பலும்.

படிவத்தில் 'இதர உயிரினங்கள்' கட்டம்
என் கட்டைவிரல் அகலம்.
17 என்று எழுதினேன்.
இடம் போதாமல்
'மண்ணின் தன்மை'க்குள்ளும் நுழைந்து எழுதினேன்:
ஒன்று தொண்டையை விரித்தது, 10.40.

தட்டச்சாகி வந்தது.
இதர உயிரினங்கள்: சில.
மண்ணின் தன்மை: தரிசு.
கீழே, கையெழுத்துக்கு மேல்,
ஒற்றுப்பிழைகூட இல்லாமல்
ஜெ. சகாயமேரி.